மர்மம் இல்லாத கொலைகள்

(விருத்தாசலத்தில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உண்மைக் குற்றம் பேசும் ஆவணப்படங்கள்" என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். சினிமா விமர்சனக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தலைப்பு வந்ததற்குக் காரணம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் இருவர். அவர்கள் யூடியூபில் ஒரு சேனல் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பெரிய காணொலியாக நம் பகுதியில் நடந்த ஒரு வழக்கை எடுக்க நினைக்கிறார்கள். "அக்கா, நீங்கள் சாதிய வன்கொடுமை வழக்குகளில்தானே ஆய்வு செய்கிறீர்கள், எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்வதைவிட எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாம் எல்லோரும் அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள்தானே.

விருத்தாசலம் என்றால் வெளியூரில் பழமலைநாதர் கோயிலைச் சொல்வார்கள், ரயில்வே ஜங்ஷனைச் சொல்வார்கள், பீங்கானைச் சொல்வார்கள். பீங்கான் பொம்மை எப்படிச் செய்கிறார்கள் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். எந்த மண்ணை ஊற்றினாலும் வெளியே வருவது அச்சில் இருக்கிற உருவம்தான். இன்று ஓடிடி தளங்களிலும் யூடியூபிலும் வருகிற பெரும்பாலான குற்ற ஆவணப்படங்களுக்கும் அப்படி ஓர் அச்சு இருக்கிறது. அதில் நான்கு பகுதிகள். ஒரு மர்மம். ஒரு விசித்திரமான கொலையாளி. ஒரு கெட்டிக்காரப் போலீஸ். கடைசியில் கைது அல்லது தீர்ப்பு. டெல்லி புராரியில் ஒரே வீட்டில் 11 பேர் இறந்ததைப் பற்றிய தொடர் 2021இல் வந்தது. கேரளத்தின் கூடத்தாயி மரணங்களைப் பற்றிய படம் 2023இல் வந்தது. இடையில் தொடர்கொலையாளிகள் பற்றி வரிசையாகப் பல வந்தன. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன், சிலதில் அக்கறையும் உழைப்பும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூடத்தாயி படம் வெளியானபோது அந்த வழக்கு விசாரணையில்தான் இருந்தது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே பார்வையாளர்கள் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். அச்சுக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது, அதனால் முடிவு வந்துவிடுகிறது.

இந்த அச்சில் நம் ஊர்க் கதையை ஊற்றினால் என்ன ஆகும் என்பதுதான் இன்றைய பேச்சு.

தம்பிகள் எடுக்க நினைக்கும் வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணகி-முருகேசன் வழக்கு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர் கண்ணகி. வன்னியர் சமூகம், ஊராட்சித் தலைவராக இருந்தவரின் மகள். முருகேசன் தலித், வேதிப்பொறியியல் படித்தவர். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். 2003 ஜூலை 8 அன்று இருவரும் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன.

எப்படிக் கொன்றார்கள் என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. தீர்ப்பில் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். படிப்பது வேறு, அதற்குப் பின்னணி இசை போட்டு நடித்துக் காட்டுவது வேறு. தீர்ப்பில் அந்த விவரம் சாட்சியமாக இருக்கிறது. திரையில் அதுவே வேடிக்கையாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. "காதலித்தால் இதுதான் கதி" என்று ஊருக்குக் காட்டத்தான் அந்தக் கொலை அப்படிச் செய்யப்பட்டது. அதை அப்படியே மறுபடி நடித்துக் காட்டினால், கொலை செய்தவர்கள் அன்று சொல்ல நினைத்ததை நாம் இன்று பல லட்சம் பேருக்கு இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

இப்போது அச்சின் முதல் பகுதிக்கு வருவோம். மர்மம். "அன்று இரவு என்ன நடந்தது?" என்று கேட்டுத்தான் இந்தப் படங்கள் தொடங்கும். புதுக்கூரைப்பேட்டையில் என்ன நடந்தது என்பது யாருக்குத் தெரியாது? ஒளித்து மறைத்துச் செய்த கொலை அல்ல அது. ஊர் பார்க்க நடந்தது. கொன்றது யார் என்பதும் தெரியும், ஏன் என்பதும் தெரியும். சாதி ஆணவப் படுகொலைகளில் துப்பறிவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. தெரிந்ததைச் சொல்ல ஆள் இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை. விசாரணை நீதிமன்றத்தில் 81 சாட்சிகளில் 36 பேர் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். இந்த வழக்கில் ஏதாவது மர்மம் உண்டு என்றால் அது இந்த எண்ணிக்கைதான். ஏன் 36 பேர் வாய் மாறினார்கள்? யார் நிலத்தில் வேலை, யாரிடம் கடன், எந்தத் தெரு வழியாகப் போய் வர வேண்டும், மகளை எங்கே கட்டிக் கொடுக்க வேண்டும்? இதைக் கேட்கிற படத்துக்கு ரத்தம் தேவையில்லை. ஊரில் ஆறு மாதம் தங்கியிருக்கும் பொறுமை தேவை.

இரண்டாவது, விசித்திரமான கொலையாளி. இந்தப் படங்களில் மனநல நிபுணர் ஒருவர் கட்டாயம் வருவார். கொலையாளியின் குழந்தைப் பருவம், மூளை, நாட்குறிப்பு எல்லாம் வரும். "இப்படியும் ஒரு மனிதனா?" என்று நாம் வியந்துகொள்ளலாம். நமக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்ற நிம்மதியோடு தூங்கப் போகலாம். புதுக்கூரைப்பேட்டை வழக்கில் மனநோயாளி யாரும் இல்லை. அண்ணன், அப்பா, பங்காளிகள். பொங்கலுக்கு மாட்டுக்குப் பொட்டு வைக்கிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள். அவர்களை அரக்கர்களாகக் காட்டும் படம் அவர்களைத் தண்டிப்பது போலத் தெரியும். உண்மையில் சாதியைத்தான் விடுதலை செய்கிறது. அரக்கன் ஒருத்தன் செய்தான் என்றால் ஊருக்குப் பொறுப்பில்லை, திருமணத் தகவல் மையத்துக்குப் பொறுப்பில்லை, சாதிச் சங்கத்துக்குப் பொறுப்பில்லை, வீட்டில் "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்கிற நமக்கும் பொறுப்பில்லை. உச்சநீதிமன்றமே இந்த வழக்கின் தீர்ப்பில், குற்றத்தின் வேர் ஆழப் பதிந்த சாதிப் படிநிலையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் பார்த்த வேரைக் கேமரா பார்க்காமல் போவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கொலையாளியை விசித்திரமானவனாகக் காட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவன் நாயகனாகிவிடுவான். 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளாக விட்டுக்கொண்டிருந்தார். அவற்றைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். போலீசுக்குச் சவால் விடும் குரல், அடுத்த பதிவு எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு, இவையெல்லாம் தொடர்கதையின் இலக்கணம். கொல்லப்பட்ட இளைஞன் பொறியியல் படித்தவன், ஒரு தாயின் மகன் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு, குரல்பதிவுகள் பரவிய வேகத்தில் பரவவில்லை.

மூன்றாவது, கெட்டிக்காரப் போலீஸ். இந்த அச்சில் நம் கதை நிச்சயமாக உடைகிற இடம் இதுதான். வழக்கமான படத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். நம் வழக்கில் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பீர்கள்? முருகேசனின் தந்தை புகார் கொடுக்கப் போனார், காவல் நிலையம் வாங்கவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வந்த பிறகுதான், 2003 ஜூலை 17 அன்று வழக்குப் பதிவானது. பதிவான வழக்கிலும், இரண்டு தரப்பாரும் அவரவர் பிள்ளையைக் கொன்றதுபோல ஒரு கதை செய்யப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். சாதியக் கொலை என்ற ஒன்றே நடக்கவில்லை என்று ஆக்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. 2004இல் உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் வழக்கு உயிரோடு இருந்தது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது அவர்களில் 2 பேர் காவல் அதிகாரிகள். படத்தில் நாயகனாக வர வேண்டியவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஜெஃப்ரி டாமர் என்ற தொடர்கொலையாளியைப் பற்றி 2022இல் வந்த தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவனால் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்களும் பிற வெள்ளையரல்லாதவர்களும். 1991இல் அவனிடமிருந்து தப்பித் தெருவுக்கு வந்த 14 வயதுச் சிறுவனைக் காப்பாற்றச் சொல்லிக் கறுப்பினப் பெண்கள் போலீசிடம் மன்றாடினார்கள். போலீஸ் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, சிறுவனை அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போனது. அந்தத் தொடர் வெளியானபோது, கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி, எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சொன்னார். அன்று போலீஸ் அந்தப் பெண்களைக் கேட்கவில்லை, இன்று படம் எடுத்தவர்கள் குடும்பத்தைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே இன்னொன்று சொல்கிறேன். வீரப்பனைப் பற்றி 2023இல் மட்டும் இரண்டு தொடர்கள் வந்தன. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களின் குரல்களும் அவற்றில் இல்லாமல் இல்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசுவது காட்டையும் மீசையையும் துப்பாக்கியையும் பற்றித்தான். அதே 2023இல் செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் தீர்ப்பளித்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லித் தருமபுரி மாவட்டத்தின் பழங்குடி ஊர் ஒன்றுக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மிச்சமிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது, உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வீரப்பனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மாணவர்களிடம் வாச்சாத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தவறு அவர்களிடம் இல்லை. 215 அரசு ஊழியர்களைக் கொண்ட கதையில் வில்லனின் முகத்தை போஸ்டரில் போட முடியாது, அவ்வளவுதான்.

நான்காவது, முடிவு. படத்தின் கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது" என்று வரும். நாம் பெருமூச்சு விட்டு எழுந்துவிடுவோம். நம் வழக்கில் அந்த எழுத்து எப்போது வரும்? 2021இல் வந்தது: ஒருவருக்குத் தூக்கு, 12 பேருக்கு ஆயுள். 2022இல் உயர்நீதிமன்றத்தில் தூக்கு ஆயுளானது, இருவர் விடுதலையானார்கள், காவல் அதிகாரி ஒருவரின் தண்டனை இரண்டு ஆண்டாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் எஞ்சிய 11 பேரின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது, முருகேசனின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஏறத்தாழ 22 ஆண்டுகள். இங்கே இருக்கிற பல பேரின் வயதைவிட அதிகம். வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறி இறங்கிய ஒரு குடும்பத்தின் 22 ஆண்டுகளைத் திரையில் "பல ஆண்டுகளுக்குப் பிறகு" என்ற மூன்று சொற்களில் தாண்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால் கதையே அந்த மூன்று சொற்களுக்குள்தான் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் இந்த வழக்குகளைப் பற்றிப் படமே எடுக்கக் கூடாதா? நான் அதைச் சொல்லவில்லை. மூடி மறைக்க வேண்டும் என்று நினைப்பது சாதிதான். பத்திரிகைகள் எழுதாவிட்டால் ஜூலை 17 அன்றுகூட வழக்குப் பதிவாகியிருக்காது. எழுதுவதும் காட்டுவதும் நமக்கு ஆயுதம். ஆனால் எதைக் காட்டுகிறோம் என்பது இருக்கிறது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் வெட்டப்பட்டது கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. தமிழ்நாடே பார்த்தது. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் கவுசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, வெட்டிய 5 பேரின் தூக்கை ஆயுளாக மாற்றியது. கேமராவில் விழுந்தது அரிவாள் பிடித்த கை. அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எந்தக் கேமராவிலும் விழவில்லை. நாம் நூறு தடவை பார்த்த காட்சி, நமக்குத் தெரிய வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதே வழக்கைப் பற்றி சாதனா சுப்ரமணியம் எடுத்த ஆவணப்படம் 2018இல் அல் ஜசீராவில் வந்தது. அது உயிர் பிழைத்த கவுசல்யாவின் பக்கம் போய் நிற்கிறது. நீதிக்காக ஒரு பெண் தன் குடும்பத்தையே எதிர்த்து நீதிமன்றப் படி ஏறுவது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று காட்டுகிறது. ஒரே கொலைதான், கேமரா நிற்கிற இடம் வேறு.

அதற்கும் முன்னால் நம்மிடம் "ராமையாவின் குடிசை" இருக்கிறது. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதைப் பற்றிய படம். அதில் மர்மம் கிடையாது. கொளுத்தியது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகம் கிடையாது. மேல்முறையீட்டில் பண்ணையார் விடுதலையானதும் தெரிந்ததுதான். அந்தப் படம் ஊருக்குப் போனது, இருந்தவர்களைப் பேச விட்டது, கூலி என்ன, கொடி என்ன, சாதி என்ன என்று கேட்டது. படம் முடிந்த பிறகு நமக்கு கொலையாளி மேல் ஆர்வம் வரவில்லை, நிலத்தின் மேல் கேள்வி வருகிறது.

அதனால் தம்பிகளே, எடுங்கள். எடுப்பதற்கு முன் சில காரியங்கள் செய்யுங்கள். தீர்ப்புகள் மூன்றையும் முழுதாகப் படியுங்கள், செய்தித்தாள் சுருக்கத்தை நம்ப வேண்டாம். முருகேசனின் குடும்பத்திடம் போய், எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். 22 ஆண்டு காலம் எல்லோருக்கும் பதில் சொன்னவர்கள் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாட்சி சொன்னவர்களின் முகத்தையும் வீட்டையும் காட்டாதீர்கள். நீங்கள் காணொலியைப் பதிவேற்றிவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாம், அவர்கள் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். கண்ணகியைக் கொலைச் செய்தியில் மட்டும் வருகிற பெண்ணாக வைக்காதீர்கள். அவளும் தன் திருமணத்தைத் தானே முடிவு செய்த ஒரு படித்த பெண், அந்த உரிமைக்காகத்தான் கொல்லப்பட்டாள். சாதியின் பெயரைச் சொல்லுங்கள். "இரு வேறு சமூகத்தினர்" என்று மழுப்பாதீர்கள். எரிகிற உடலை முகப்புப் படமாக வைக்காதீர்கள். பார்வை எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

பார்க்கிற நமக்கும் வேலை இருக்கிறது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் கொல்லப்பட்ட பிறகு, அவருடன் பழகிய பெண் பேசிய ஒரு காணொலி வெளியானது. அடுத்த சில நாட்கள் சமூக ஊடகம் முழுக்கத் துப்பறிவாளர்கள். அந்தப் பெண்ணின் கண் எங்கே பார்க்கிறது, குரல் ஏன் நடுங்குகிறது, எதிரில் யாரோ இருக்கிறார்களா என்று ஆராய்ச்சி. இந்தப் படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அந்த உழைப்பில் கொஞ்சத்தை, ஆணவப் படுகொலைக்குத் தனிச் சட்டம் ஏன் இன்னும் இல்லை என்று கேட்பதில் செலவழித்திருக்கலாம். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றம் கலப்புமணத் தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டந்தோறும் தனிப்பிரிவு என்று வழிகாட்டுதல்கள் கொடுத்தது. நம் கடலூர் மாவட்டத்தில் அந்தப் பிரிவின் தொலைபேசி எண் இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? தம்பிகள் காணொலியில் கடைசியாக ஏதாவது போட வேண்டும் என்றால், அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, கூப்பிட்டால் யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் அதையே படமாக எடுங்கள். இந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு கிராமத்தில் இன்று இரவு வீட்டை விட்டுக் கிளம்ப யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் நாம் காட்ட வேண்டிய படம் அதுதான்.

ஜெய்பீம்.